குரல்நாணில் தொடங்கிய ஒரு சிறு முண்டு: பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் தொண்டைப் புற்று பரவிய விதம்

1888 ஜூன் 16. பெர்லினை அடுத்த பொட்ஸ்டாமில், முந்தைய நாள் இறந்த ஜெர்மானியப் பேரரசரின் கழுத்தைத் திறந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோவும் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் வால்டையரும். குரல்வளை இருக்க வேண்டிய இடத்தில் அழுகிப்போன ஒரு பெரிய புண் பரந்து கிடந்தது. குரல்வளை மூடி மட்டும் மிஞ்சியிருந்தது. நுரையீரல்களில் ஆங்காங்கே சீழ் பிடித்த நிமோனியா. கழுத்தின் நிணநீர் முடிச்சு ஒன்றில் புற்று. தொடங்கிய இடத்தை விட்டு வெளியே போன புற்று என்று அன்று பதிவானது அந்த ஒரு முடிச்சுதான்.

பதினைந்து மாதங்களுக்கு முன்பு இதே குரல்வளையில் இருந்தது சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு முண்டு. இடைப்பட்ட காலத்தில் அதிலிருந்து எடுத்த துண்டுகளை மூன்று முறை நுண்ணோக்கியில் பார்த்த விர்ச்சோ, மூன்று முறையும் புற்று இல்லை என்றே எழுதினார். உயிரணு நோயியலுக்கு அடித்தளம் போட்டவர் அவர். அந்த நோயாளியின் குரல்வளை முழுவதையும் கடைசியில் புற்றுதான் தின்று தீர்த்தது. அதிலும் அழிவின் பெரும்பகுதி, மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்ட பிறகு வந்த நான்கு மாதங்களில் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த நோய்க்கதையை அரசியல் வரலாறாகத்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். தாராளவாத மனமுள்ள ஒரு பேரரசர் 99 நாட்களே ஆண்டார். அவர் பிழைத்திருந்தால் அவருடைய மகன் இரண்டாம் வில்ஹெல்ம் அத்தனை சீக்கிரம் அரியணை ஏறியிருக்க மாட்டார் என்ற ஏக்கம் அதில் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. தொண்டைப் புற்று எந்த வழியாகப் பரவுகிறது, அறுவை சிகிச்சை அந்த வழியை எப்படி மாற்றுகிறது என்பதற்கு நாள்வாரியாகப் பதிவான இப்படி ஒரு நிகழ்வு கிடைப்பது அரிது. இரண்டு தரப்பு மருத்துவர்களும் பின்னால் சண்டையிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதி வைத்ததால் நமக்கு அது கிடைத்தது.

நோயாளி

1831-இல் பிறந்தவர். பிரஷ்ய இளவரசர், படைத்தலைவர். இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் மூத்த மகளை மணந்தவர். நெடுநாள் புகைப்பழக்கம் உண்டு. 1887 ஜனவரியில் குரல் கம்மத் தொடங்கியது. சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். குரல் தெளியவில்லை. மார்ச் முதல் வாரத்தில் பெர்லின் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இடது குரல்நாணின் ஓரத்தில் அந்த முண்டு தெரிந்தது. நோயாளிக்கு அப்போது வயது 55.

கெர்ஹார்ட் முதலில் கம்பிக் கண்ணி போட்டு அதை அறுக்கப் பார்த்தார். பிடிபடவில்லை. வளையக் கத்தியாலும் முடியவில்லை. பிறகு மின்சாரத்தால் சிவக்கக் காய்ச்சிய பிளாட்டினக் கம்பியால் சுடத் தொடங்கினார். மார்ச் நடுவில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரம் வரை இது திரும்பத் திரும்ப நடந்தது. முண்டு மறைந்ததுபோல் இருந்தது. ஓரம் சொரசொரப்பாகவே நின்றது. எம்ஸ் நகரின் ஊற்றுநீர் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மே நடுவில் திரும்பியபோது கட்டி மீண்டும் வளர்ந்திருந்தது. முன்பைவிடப் பெரிது. அதைவிட முக்கியமாக, இடது குரல்நாண் முன்போல் தாராளமாக அசையவில்லை.

அந்த அசைவுக் குறைவை இன்றைய மருத்துவர் எவரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். மேற்பரப்பில் மட்டும் உட்கார்ந்திருக்கும் மரு குரல்நாணின் அசைவைத் தடுப்பதில்லை. அசைவு குறைகிறது என்றால் கட்டி கீழே தசைக்குள் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். குரல்வளைப் புற்றின் நிலையைக் கணிக்கும் இன்றைய முறையிலும் குரல்நாண் அசைகிறதா, அசைவு குறைந்திருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் முதற்படிகளைப் பிரிக்கிறது. கெர்ஹார்டுக்கும், அவர் அழைத்துவந்த அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மானுக்கும் அப்போதே புற்று என்ற ஐயம் வலுத்துவிட்டது. குரல்வளையை முன்புறமாகப் பிளந்து கட்டியை அகற்றிவிடலாம் என்றார் பெர்க்மான். மே 21 காலை அறுவை நடப்பதாக இருந்தது.

நோயாளிக்கு விஷயத்தை முழுவதும் சொல்லாமலே இந்த ஏற்பாடு நடந்தது என்றும், அப்போது பேரரசராக இருந்த தந்தை முதலாம் வில்ஹெல்மிடம் சொல்லித் தானே தடுத்ததாகவும் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பின்னாளில் எழுதினார். அறுவைக்கு முன் வெளிநாட்டு நிபுணர் ஒருவரின் கருத்தையும் கேட்கலாம் என்று முடிவானது. மே 20 மாலை லண்டனிலிருந்து மோரல் மெக்கென்சி வந்து சேர்ந்தார். லண்டனில் தொண்டை நோய்களுக்கென்றே 1863-இல் மருத்துவமனை தொடங்கியவர் அவர்; குரல்வளைக்குள் கருவியைச் செலுத்தும் கைத்திறனில் ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்றவர்.

மூன்று துண்டுகள்

மெக்கென்சியின் நிலைப்பாடு எளிமையானது: புற்று என்று நுண்ணோக்கி சொல்லாமல் கழுத்தைத் திறக்கக் கூடாது. மறுநாளே வாய் வழியாகச் சாமணத்தைச் செலுத்தி ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்தார். விர்ச்சோ பார்த்தார். அழற்சி தெரிந்தது, புற்று தெரியவில்லை. துண்டு மிகச் சிறியது. மே 23-இல் மறுபடி முயன்றபோது துண்டு கிடைக்கவில்லை. அதன்பின் கண்ணாடியில் பார்த்த கெர்ஹார்ட், நல்ல நிலையில் இருந்த வலது குரல்நாணில் காயம் பட்டுவிட்டதாகச் சொன்னார். மெக்கென்சி மறுத்தார். ஜூன் 8-இல் எடுத்த துண்டு முன்னதைவிடப் பெரியது. ஜூன் 28-இல் லண்டனில் இன்னொன்று. இரண்டிலும் விர்ச்சோ கண்டது தடித்து, மருப்போல் மேலெழும்பிய மேல்தோல் திசு. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் பாக்கிடெர்மியா வெருக்கோசா. புற்றின் அறிகுறி இல்லை என்றார்.

ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு வாசகமும் இருந்தது. அகற்றிய பகுதியின் ஆரோக்கியமான நிலையை வைத்து நல்ல முடிவை எதிர்பார்க்கலாம்; நோய் முழுவதற்கும் அது பொருந்துமா என்பதை இந்தத் துண்டுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். இந்தப் பின்பகுதியை யாரும் காதில் வாங்கவில்லை. இந்தத் துண்டில் புற்று இல்லை என்பது இந்த நோயாளிக்குப் புற்று இல்லை என்று மாறியது. அரண்மனை அப்படிப் படித்தது, பத்திரிகைகள் அப்படிப் படித்தன, மெக்கென்சியும் அப்படித்தான் நடந்துகொண்டார். இந்த நிகழ்வின் ஆகப் பெரிய பிழை அங்கேதான் நேர்ந்தது என்பது என் முடிவு.

இளவரசர் இங்கிலாந்து போனார். ஜூன் 21 அன்று மாமியார் விக்டோரியா அரசியின் பொன்விழா ஊர்வலத்தில் குதிரைமேல் நிமிர்ந்து வந்தார். கோடையை அங்கேயே கழித்தார். செப்டம்பரில் மெக்கென்சிக்கு சர் பட்டம் கிடைத்தது. குளிரும் ஈரமும் தொண்டைக்கு ஆகாது என்று நோயாளியைத் திரோல் மலைப்பகுதிக்கும், பிறகு இத்தாலிக்கும் அழைத்துப் போனார்கள். நவம்பர் தொடக்கத்தில் கடலோரச் சான் ரெமோவில் தங்கினார்.

வழி மாறிய இடம்

சான் ரெமோவில் நவம்பர் முதல் வாரத்தில் மெக்கென்சி கண்ணாடியில் பார்த்தபோது புதிய வளர்ச்சி ஒன்று தெரிந்தது. அது பழைய இடத்தில் இல்லை. குரல்நாணுக்குக் கீழே, மூச்சுக்குழாய் தொடங்கும் பக்கத்தில் இருந்தது. தோற்றமும் வேறு. புற்றா என்று நோயாளியே நேராகக் கேட்டார். அப்படித்தான் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று மெக்கென்சி பதில் சொன்னார். வியன்னாவிலிருந்து ஷ்ரோட்டர், பெர்லினிலிருந்து கிராவ்ஸே, ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து மோரிட்ஸ் ஷ்மிட் வந்து பார்த்தார்கள். புற்றுதான் என்று எல்லோரும் ஒப்பினார்கள்.

குரல்நாணின் விளிம்பில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே பிறக்கும் புற்று நெடுநாள் இருந்த இடத்திலேயே இருக்கும். குரல் உடனே கெடுவதால் நோயாளியும் சீக்கிரம் வருவார். தொண்டைப் புற்றுகளில் குணமாகும் வாய்ப்பு அதிகமுள்ளது இந்தக் குரல்நாண் புற்றுதான். ஆனால் அரை அங்குலம் கீழே இறங்கிவிட்டால் கதையே மாறிவிடுகிறது. குரல்நாணுக்குக் கீழுள்ள பகுதியின் நிணநீர், மூச்சுக்குழாயின் முன்னும் பக்கத்திலும் உள்ள முடிச்சுகளுக்குப் போகிறது. அவை கழுத்தின் ஆழத்தில், சில மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கின்றன. கையால் தடவிப் பார்த்தால் தட்டுப்படாது. மே மாதத்தில் குரல்நாணில் இருந்த நோய் நவம்பரில் அதன் கீழே வந்திருந்தது என்றால், இடைப்பட்ட ஆறு மாதங்களில் இழந்தது நாட்களை மட்டும் அல்ல. எளிதில் வெட்டி எடுக்கக்கூடிய ஓர் இடத்தையும்தான்.

நோயாளியின் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். ஒன்று, குரல்வளையை முழுவதுமாக அகற்றுவது. வியன்னாவில் பில்ரோட் 1873-இன் கடைசி நாளில்தான் புற்றுக்காக முதன்முதலில் அதைச் செய்திருந்தார். அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்த அறுவைக்கு உட்பட்டவர்களில் பலர் சில வாரங்களுக்குள் நிமோனியாவாலோ சீழாலோ இறந்துபோனார்கள். இரண்டாவது, மூச்சு அடைக்கும்போது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. அது நோயைக் குணப்படுத்தாது, மூச்சைக் காக்கும். பிரெடரிக் இரண்டாவதைத் தேர்ந்தார். அன்றைய நிலையில் அது அறிவார்ந்த முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். கோழைத்தனம் என்று சிலர் எழுதியது அநியாயம்.

துளையிட்ட பிறகு

1888 பிப்ரவரி 9 பிற்பகலில் மூச்சுத் திணறல் முற்றியது. மெக்கென்சி அந்த அறுவையைச் செய்யவில்லை. பெர்க்மானின் உதவியாளர் பிரமான் செய்தார். அறுவை நன்றாகவே முடிந்தது, மூச்சு சீரானது. ஆனால் அன்று முதல் நோயாளிக்குப் பேச்சில்லை. எதையும் தாளில் எழுதித்தான் காட்டினார்.

அடுத்த நாட்களில் இருமலும் இரத்தம் கலந்த சளியும் விடாமல் வந்தன. இங்கேயும் இரண்டு கட்சி. பிரமான் வைத்த குழாய் பொருந்தவில்லை, அதன் முனை மூச்சுக்குழாயின் பின்சுவரை உரசிப் புண்ணாக்குகிறது என்றார் மெக்கென்சி. இரத்தம் புற்றிலிருந்து வருகிறது என்றார்கள் ஜெர்மானியர்கள். குழாய்களை மாற்றிப் பார்த்தார்கள். மார்ச் தொடக்கத்தில் சான் ரெமோவுக்கு வந்த வால்டையர், இருமி வெளியேறிய சளியிலேயே புற்றணுக் கூட்டங்களைக் கண்டார். விர்ச்சோவின் துண்டுகள் சொல்லாததை, தானாகக் கழன்று வந்த திசு சொல்லிவிட்டது. நோயறிதல் பற்றிய சண்டை அத்தோடு தீர்ந்தது.

மார்ச் 9-இல் தந்தை முதலாம் வில்ஹெல்ம் இறந்தார். மறுநாளே பிரெடரிக் குழாயோடு ரயிலேறிக் குளிர்காலப் பெர்லினுக்குத் திரும்பினார். ஏப்ரல் 12-இல் மூச்சு மீண்டும் தடுமாறியது. பெர்க்மானை அழைத்தார்கள். அவர் குழாயை மாற்ற முயன்றபோது அது மூச்சுக்குழாய்க்குள் போகாமல் அதற்கு முன்னுள்ள மென்திசுக்குள் இறங்கியது என்றும், அவர் விரலை விட்டுத் துழாவியதால் தவறான ஒரு பாதை உண்டானது என்றும் மெக்கென்சி குற்றம் சாட்டினார். பெர்க்மான் அதை ஒப்பவில்லை. அதன்பின் அந்த இடத்தில் சீழ்க்கட்டி உண்டானது, காய்ச்சல் ஏறியது, நோயாளி பல நாள் படுக்கையில் கிடந்தார். மே மாதத்தில் கொஞ்சம் தேறினார். ஜூன் தொடக்கத்தில் பொட்ஸ்டாமுக்குப் போனார்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் விழுங்கிய உணவு கழுத்துத் துளை வழியாக வெளியே வரத் தொடங்கியது. உணவுப் பாதைக்கும் மூச்சுப் பாதைக்கும் இடையிலிருந்த சுவர் கரைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். குழாய் மூலம் உணவு கொடுத்தார்கள். உணவும் எச்சிலும் சீழும் நுரையீரலுக்குள் இறங்குவதை அந்தக் காலத்தில் எதனாலும் தடுக்க முடியவில்லை. ஜூன் 15 காலை உயிர் பிரிந்தது.

இந்தப் பரவலில் வழக்கத்துக்கு மாறானது எது

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கின்றன. மூன்று துண்டுகளிலும் புற்று தெரியவில்லை. முதல் எட்டு மாதம் நோய் மெதுவாக நகர்ந்தது. பிறகு குரல்வளையையே அழித்தது, ஒரு முடிச்சுக்கும் போனது.

இவற்றை ஒருசேர விளக்கக்கூடிய ஒரு நோயை 1948-இல் அமெரிக்க நோயியலாளர் லாரன் ஆக்கர்மன் விவரித்தார். முதலில் வாய்க்குள் வரும் கட்டிகளில் கண்டறிந்தது. பின்னால் குரல்வளையிலும் அறியப்பட்டது. மருப்போன்ற புற்று, வெருக்கஸ் கார்சினோமா. இதன் மேற்பரப்பு முழுவதும் தடித்த, நன்கு முதிர்ந்த மேல்தோல் திசு. அணுக்கள் ஒழுங்காகவே தெரியும். கட்டி அடியில் அகன்ற முகத்தோடு திசுவைத் தள்ளிக்கொண்டு இறங்கும். தனித்தனி அணுக்களாகச் சிதறி ஊடுருவாது. மேலே கிள்ளி எடுத்த துண்டில் இதைப் புற்று என்று சொல்லவே முடியாது. அடித்தளம் வரை சேர்த்து எடுத்த ஆழமான துண்டு வேண்டும். திரும்பத் திரும்பப் புற்று இல்லை என்ற அறிக்கை, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி: இந்த முரண்பாடே இன்று இந்த நோயை நினைவுபடுத்தும் அடையாளம்.

தூய நிலையில் இது நிணநீர் முடிச்சுக்குப் போவது அரிதினும் அரிது. ஆனால் இதற்குள்ளேயே சாதாரணச் செதிள் அணுப் புற்றின் தீவுகள் கலந்திருப்பது உண்டு. அப்படிப்பட்ட கலப்புக் கட்டி சாதாரணப் புற்றைப் போலவே பரவும். பிரெடரிக்குக்கு இருந்தது இத்தகைய கலப்புதான் என்று பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. மேற்பரப்பின் சாந்தமான தோற்றம், விர்ச்சோ வைத்த பெயர், வால்டையர் கண்ட புற்றணுக் கூட்டங்கள், அந்த ஒற்றை முடிச்சு எல்லாம் இதில் இடம் கண்டுகொள்கின்றன. விர்ச்சோ பார்த்தது பொய்யில்லை. அவருக்குக் கொடுத்த துண்டில் இருந்ததை அவர் சரியாகவே பார்த்தார்.

கெர்ஹார்டின் சூட்டுக்கோல்தான் சாதுவான மருவைப் புற்றாக்கியது என்ற வாதம் அப்போது வலுவாக எழுந்தது. மெக்கென்சி பக்கத்தில் அதற்குச் செல்வாக்கு இருந்தது. நோயாளிகளிடையே பெரும் அச்சத்தையும் கிளப்பியது: தொண்டையில் கருவி பட்டாலே புற்று வரும் என்று. லண்டனில் இருந்த தொண்டை மருத்துவர் ஃபெலிக்ஸ் செமோன் இதை வாய்ச்சண்டையாக விடவில்லை. பல நாடுகளின் குரல்வளை மருத்துவர்களுக்கு எழுதி, அவர்கள் கருவியால் அகற்றிய சாதுவான கட்டிகள் ஆயிரக்கணக்கானவற்றின் விவரங்களைத் திரட்டினார். பின்னாளில் புற்றாகத் தெரிந்தவை மிகச் சில. அறுவை அவற்றைப் புற்றாக்கியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவச் சச்சரவைக் கணக்கெடுத்துத் தீர்க்க முனைந்த ஆரம்பகால முயற்சிகளில் இது ஒன்று. பிரெடரிக்கின் நோயிலிருந்து விளைந்த நல்லது என்று ஏதாவது இருக்குமானால் அதை இதில்தான் காண்கிறேன்.

கழுத்துத் துளையும் புற்றும்

பிப்ரவரித் துளை நோயைப் பரப்பியதா? தொடங்கி வைத்தது அது இல்லை. நவம்பரிலேயே நோய் குரல்நாணுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் உயிருள்ள புற்றை மேலே விட்டுவைத்துக்கொண்டு அதற்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயைத் திறப்பது, புற்றுக்கும் பச்சைப் புண்ணுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் குறைத்துவிடுகிறது. குழாயின் உரசல், ஏப்ரலின் தவறான பாதை, சீழ்க்கட்டி எல்லாம் சேர்ந்து கழுத்தின் இயல்பான திசுத் தளங்களைக் கிழித்தன. அந்தத் தளங்கள்தான் நோய் குறுக்கே பாய்வதை ஓரளவு தடுத்து நிற்பவை. கடைசியில் பிரேதப் பரிசோதனை கண்ட அந்தப் பெரும் புண்ணில் புற்றின் பங்கும் கிருமியின் பங்கும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. மரணத்துக்கு நேர்க்காரணம் நுரையீரல் அழுகல். புற்று அதற்கு வழி திறந்தது.

இதே கேள்வி அறுவை மருத்துவத்தில் பின்னால் வேறு வடிவத்தில் வந்து நின்றது. குரல்வளையை முழுவதுமாக அகற்றிய நோயாளிகளில் சிலருக்கு, மூச்சுக்குழாயைக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்த அந்தத் துவாரத்தின் ஓரத்திலேயே புற்று மீண்டும் முளைக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். எந்த நோயாளிகளுக்கு என்று தேடியபோது இரண்டு அம்சங்கள் அடிக்கடி தென்பட்டன. ஒன்று, கட்டி குரல்நாணுக்குக் கீழே இறங்கியிருப்பது. இரண்டு, பெரிய அறுவைக்கு முன்பே மூச்சுக்காக அவசரமாகத் துளையிட்டிருப்பது. பிரெடரிக்கிடம் இரண்டுமே இருந்தன. குரல்வளை அகற்றல் நடக்காததால் இவருடையதை அந்த வகையில் சேர்க்க முடியாதுதான். இருந்தாலும் அந்த வகையின் இரண்டு காரணங்களும் ஒரே உடலில், எந்தச் சிகிச்சையும் குறுக்கிடாமல், கடைசி வரை ஓடியதை இங்கே பார்க்கிறோம்.

துளை வழியே புற்றணுக்கள் விழுந்து முளைக்கின்றன என்பது ஒரு விளக்கம். மூச்சுக்குழாய் ஓரத்து முடிச்சுகளில் முன்பே ஒளிந்திருந்த நோய்தான் தலைகாட்டுகிறது என்பது இன்னொன்று. அவசரத் துளை தேவைப்படுகிறவர்களுக்குக் கட்டி பெரிதாகத்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நடைமுறையில் மருத்துவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்கிறார்கள். முடிந்தால் துளையிடாமல், கட்டியின் ஒரு பகுதியை லேசரால் சீவி மூச்சுவழியைத் திறந்து, சில நாட்களில் முழு அறுவைக்குப் போகிறார்கள். துளையிட்டே ஆக வேண்டுமென்றால், பின்னால் குரல்வளையோடு சேர்த்து அந்தத் துளைப்பகுதியையும் வெட்டி எடுக்கும்படி இடம் பார்த்து இடுகிறார்கள். குரல்நாணுக்குக் கீழே நோய் இருந்தால் மூச்சுக்குழாய் ஓரத்து முடிச்சுகளையும் அகற்றுகிறார்கள். புகையிலையால் வரும் வாய், தொண்டைப் புற்றுகள் மிகுந்த நம் நாட்டில், மூச்சுத் திணறலோடு இரவில் அவசரப் பிரிவுக்கு வந்து முதல் சிகிச்சையே கழுத்துத் துளையாக அமையும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு இந்த வரிசைமுறை ஏட்டுப் பேச்சு இல்லை.

வயிற்றில் முளைத்த தொண்டைப் புற்று

கருவி போன பாதையில் புற்று போகுமா என்ற சந்தேகத்தைக் கிட்டத்தட்ட நேரடியாகத் தீர்த்து வைத்தது கழுத்தில் நடந்தது அல்ல, வயிற்றில் நடந்தது. தொண்டைப் புற்று நோயாளிகளுக்கு விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றுச் சுவர் வழியாக இரைப்பைக்குள் உணவுக்குழல் வைக்கிறார்கள். பெக் டியூப் என்று வார்டுகளில் சொல்வது அதைத்தான். 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் காடரர், பான்ஸ்கி என்ற மருத்துவர்கள் ஒரு குழந்தைக்கு முதலில் செய்தார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்பதால் வேகமாகப் பரவியது. வழக்கமான இழுப்பு முறையில் குழலை வாய் வழியாக உள்ளே விட்டு, தொண்டையையும் உணவுக்குழாயையும் கடத்தி, இரைப்பையிலிருந்து வயிற்றுத் தோலுக்கு வெளியே இழுக்கிறார்கள். வழியில் அது தொண்டையிலுள்ள கட்டியை உரசிக்கொண்டு போகிறது.

1989-இல் முதல் அறிக்கை வந்தது: தொண்டைப் பகுதிப் புற்று நோயாளிக்கு, குழல் வெளிவரும் வயிற்றுத் துளையில் புற்று. அதன்பின் இத்தகைய அறிக்கைகள் சேர்ந்துகொண்டே வந்தன. இழுப்பு முறையில் குழல் வைத்த தலை, கழுத்துப் புற்று நோயாளிகளில் இது சுமார் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. எண்ணிக்கையில் சிறியது, நேர்ந்தவருக்கோ பெரும்பாலும் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள். 2013-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில் குழல் வைத்த உடனே துளைப் பகுதியைத் தூரிகையால் துடைத்துப் பார்த்தார்கள். 40 நோயாளிகளில் 9 பேருக்குப் புற்றணுக்கள் அங்கே இருந்தன. சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்க முடிந்த 32 பேரில் 3 பேரிடம் அவை இன்னும் இருந்தன. விழுந்த அணுக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்பதையும், சில பிழைக்கின்றன என்பதையும் இந்த இரண்டு எண்கள் சேர்ந்தே காட்டுகின்றன.

தொண்டையிலிருந்து வயிற்றுத் தோலுக்கு நிணநீர் வழியாகவோ இரத்தம் வழியாகவோ இப்படிக் குறிவைத்ததுபோல் புற்று போய் உட்காருவதை விளக்குவது கடினம். ஆகவே நேரடியாக எடுத்துச் செல்லப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம். 1888-இல் சான் ரெமோவில் யாரும் கேட்கத் தெரியாத கேள்விக்கு இப்படி ஒரு பதில் கிடைத்திருக்கிறது: புற்றைத் தொட்ட கருவி புதுப் புண்ணையும் தொட்டால், புற்று சில சமயம் அந்தப் புண்ணில் பிடித்துக்கொள்ளும்.

அதனால் தொண்டையில் கட்டி இன்னும் இருக்கும்போது குழல் வைக்க நேர்ந்தால், வாய் வழியாக இழுக்காமல் வயிற்றுத் தோல் வழியாக நேரே இரைப்பைக்குள் செலுத்தும் முறையைப் பல மையங்கள் தேர்ந்தெடுக்கின்றன. கட்டியை அகற்றிய பிறகோ கதிர்வீச்சு முடிந்த பிறகோ வைப்பது இன்னொரு வழி. குறுகிய காலத்துக்கென்றால் மூக்கு வழியாகப் போகும் ரைல்ஸ் டியூப் போதும். அதில் புதுப் புண் எதுவும் இல்லை. வீட்டில் குழலைப் பராமரிக்கும் குடும்பத்தார், துளையைச் சுற்றிச் சதை தடித்தாலோ, கெட்டியாக முடிச்சு தட்டுப்பட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ, களிம்பு தடவிக் காத்திருக்காமல் புற்றுக்குச் சிகிச்சை தந்த மருத்துவரிடமே காட்ட வேண்டும். துளையோரத்தில் சாதாரணமாகச் சிவந்து தளதளவென்று வளரும் சதையும் புற்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டை மேலாகக் கிள்ளாமல், ஆழத்தில் அடித்தளம் வரை சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.